திரைக்கு அந்தப் பக்கம்

தாசேக் கெலுகோர்
11.7.1994

டாக்டர் செல்வநாயகி அவர்களுக்கு,

என் பெயர் ருக்குமணி. போன மாதம் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி வாக்கில், பாயான் பாருவில் நான் வேலை செய்யும் எலக்ட்ரானிக் கிலாங்கிலிருந்து வேனில் என்னை உங்கள் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நீலச் சட்டை போட்டிருந்தேன். அதை நீங்கள் கத்தரிக்கோலால் வெட்டினீர்கள். ஒரு நாளைக்கு எத்தனையோ பேரைப் பார்க்கிறவர், ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

நீங்கள்தான் என் உயிரைக் காப்பாற்றினீர்கள் என்று வார்டில் எல்லாரும் சொன்னார்கள். பெரியம்மாவும் தினம் சொல்கிறார். அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இது நன்றி சொல்லும் கடிதம் இல்லை. ஒரு மாதமாக மனதிலேயே வைத்திருந்து பார்த்துவிட்டேன். எழுதாவிட்டால் அடங்காது போலிருக்கிறது.

அன்றைக்கு நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இரண்டு நாளாக வயிற்று வலி. கேஸ்ட்ரிக் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் என் அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறார். அண்ணன் சந்திரசேகரன் பட்டர்வொர்த்தில் லோரி ஓட்டுகிறான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு அவன்தான் எல்லாம். லோரியை நடுவில் போட்டுவிட்டு, யாருடைய மோட்டார் சைக்கிளிலோ ஏறிக் கடல் பாலத்தைத் தாண்டி வந்துவிட்டான்.

என் கட்டிலைச் சுற்றி ஒரு துணித் திரை. அண்ணன் அதற்கு அந்தப் பக்கம் நின்றான். திரைக்குக் கீழே அவன் செருப்பு எனக்குத் தெரிந்தது. நீங்கள் "எங்க நோகுது?" என்று கேட்டுக்கொண்டே என் வயிற்றில் ஜில்லென்று எதையோ பிழிந்தீர்கள். டிவி மாதிரி இருந்த ஒரு பெட்டியைப் பக்கத்தில் இழுத்து வைத்து, கையில் இருந்ததை என் விலாவில் அழுத்தினீர்கள். உடனே இங்கிலீஷில் கத்தினீர்கள். ஆட்கள் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் என் பக்கம் குனிந்து, அந்த ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னீர்கள்: "பிள்ளை குழாய்க்குள்ள தங்கி வெடிச்சிட்டுது. வயிறு முழுக்க ரத்தம். உடன ஆபரேஷன் செய்ய வேணும்."

டாக்டர், எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.

வயிற்றில் ஒன்று இருந்தது எனக்கே அந்த நிமிடம்தான் தெரியும். எனக்கு எப்போதும் நாள் தள்ளித்தான் வரும், அதனால் சந்தேகப்படவில்லை. அந்த ஆள் யார் என்று கேட்காதீர்கள். எங்கள் லைனில் டெக்னீசியனாக இருந்தார். மே மாதக் கடைசியில் ஜொகூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

செருப்பு திரும்பியதைப் பார்த்தேன். அண்ணன் போய்விட்டான். எனக்குக் கண் இருட்டியது. விழித்தபோது பெரியம்மா மட்டும்தான் பக்கத்தில் இருந்தார். இப்போது அவர் வீட்டில்தான் இருக்கிறேன். இன்றுவரை அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

உயிரைக் காப்பாற்றும்போது கொஞ்சம் மெதுவாகப் பேசியிருக்கக் கூடாதா? இதைத்தான் கேட்க நினைத்தேன். நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ருக்குமணி


ஜார்ஜ் டவுன்
24.7.1994

அன்புள்ள ருக்குமணி,

உங்களை நன்றாக ஞாபகம் இருக்கிறது. பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் கடித உறையின் பின்னால் விலாசம் எழுதியிருந்தீர்கள். அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன். நான் படித்ததெல்லாம் இங்கிலீஷில். தமிழ் எழுத அம்மாதான் சொல்லித் தந்தார். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்கிறேன். நீங்கள் எழுதியது சரி. நான் மெதுவாகப் பேசியிருக்கலாம். அண்ணனை வெளியே அனுப்பியிருக்கலாம். அதற்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. உங்களுக்கு அந்த அரை நிமிடம் இருந்தது. நான் தரவில்லை. என்னை மன்னியுங்கள்.

நான் ஏன் கத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது சாக்கு இல்லை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் அறை வேறு கட்டடத்தில் இருக்கிறது. நீளமான நடையைக் கடந்து, லிஃப்டில் ஏறி, அங்கே வரிசையில் காத்திருக்க வேண்டும். இந்த வருடம் மார்ச் மாதம் ஒரு பெண் வந்தார். உங்களுக்கு இருந்த அதே வலி, அதே வெளிறிய முகம். எனக்குச் சந்தேகம் இருந்தது, ஆனால் உறுதி செய்ய ஸ்கேன் வேண்டும் என்று அனுப்பினேன். அவர் அந்த லிஃப்டுக்குள்ளேயே இறந்துபோனார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனவள் நான்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஸ்கேன் அறைக்கு நோயாளி போவதற்குப் பதிலாக, ஸ்கேன் கருவி கட்டிலுக்கு வந்தால் என்ன? ஜெர்மனியில் அறுவை மருத்துவர்களே கட்டில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள் என்று ஒரு மருத்துவச் சஞ்சிகையில் படித்தேன். லீவு எடுத்துக்கொண்டு சிங்கப்பூரில் ஒரு சிநேகிதியிடம் மூன்று வாரம் கற்றுக்கொண்டேன். பிரசவ வார்டில் பழசாகிவிட்டது என்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு கருவியைக் கெஞ்சி வாங்கினேன். அதன் ஒரு சக்கரம் சுற்றாது. எங்கள் தலைமைத் தாதி காமாரியாதான் அதைத் தூக்கித் தூக்கித் தள்ளுவார். எக்ஸ்ரே பிரிவின் தலைவர் டாக்டர் விநாசித்தம்பிக்கு இது பிடிக்கவில்லை. "படம் பார்க்கிறது ஒரு படிப்பு. மூண்டு கிழமையில வராது" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்.

அந்தக் கருவியை வைத்து நான் உண்மையாகவே ஆபத்தைக் கண்டுபிடித்த முதல் நோயாளி நீங்கள். ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாது. உங்களுக்கு அங்கே கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. அது ரத்தம். காமாரியா எடுத்த சிறுநீர்ச் சோதனையும் இரண்டு நிமிடத்தில் மிச்சத்தைச் சொல்லிவிட்டது. நீங்கள் வந்து பத்தொன்பதாவது நிமிடத்தில் டாக்டர் கமால் உங்களை ஆபரேஷன் அறையில் வாங்கிக்கொண்டார்.

ருக்குமணி, நான் பயத்தில் கத்தவில்லை. சந்தோஷத்தில் கத்தினேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. தெரிந்துவிட்டது, இவள் சாக மாட்டாள் என்ற சந்தோஷம். அந்தக் கறுப்புப் பட்டையைப் பார்த்தேன். அதற்கு மேலே ஒரு முகம் இருந்ததைப் பார்க்கவில்லை.

அந்த ஸ்கேன் அறைக்கு ஒரு கதவு இருக்கிறது. கருவியை மட்டும் கட்டிலுக்குக் கொண்டுவந்தேன். கதவைப் பற்றி யோசிக்கவில்லை.

நான் உங்கள் அண்ணனிடம் வந்து பேச வேண்டும் என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

அன்புடன்,
செல்வநாயகி


தாசேக் கெலுகோர்
13.8.1994

அன்புள்ள டாக்டர்,

ஆஸ்பத்திரி முத்திரை போட்ட உறையைப் பார்த்ததும் பெரியம்மா பயந்துவிட்டார். "மறுபடியும் அறுக்கணுமாடி?" என்று கேட்டார். இல்லை, டாக்டர் சும்மா எழுதியிருக்கிறார் என்றேன். "டாக்டர் சும்மா எழுதுவாங்களா லா?" என்று அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபமாகத்தான் படித்தேன். லிஃப்டில் இறந்துபோனவரைப் பற்றிப் படித்தபோது தாளை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். ரப்பர் மரங்களுக்குள் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்துதான் மிச்சத்தைப் படித்தேன். அவர் பெயர் என்ன?

உங்கள் தமிழில் பிழை ஒன்றும் இல்லை. "நோகுது" என்பதுதான் எங்களுக்கு வேறு மாதிரி. நாங்கள் வலிக்குது என்போம். மனசுக்கு மட்டும்தான் நோகும்.

அண்ணனிடம் நீங்கள் பேச வேண்டாம். அவன் பேசாவிட்டாலும் வராமல் இருப்பதில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் லோரியை ரோட்டில் நிறுத்துவான். ஒரு பையைக் கொண்டுவந்து வேலிப் படலில் மாட்டுவான். மைலோ, நெத்திலி, பாசாரில் வாங்கின பழம். பெரியம்மா வாசலுக்குப் போனால் தலையை ஆட்டுவான். நான் போனால் லோரியில் ஏறிவிடுவான். அவனை நான் திட்டவும் முடியவில்லை, கூப்பிடவும் முடியவில்லை.

யாரிடமும் கேட்க முடியாத சிலது இருக்கிறது. உங்களிடம் கேட்கிறேன். அது எவ்வளவு பெரிதாக இருந்தது? உயிர் இருந்ததா? நான் பாரம் தூக்கியதால் வெடித்ததா? நான் போட்ட மாத்திரையாலா? இனிமேல் எனக்குப் பிள்ளை பிறக்குமா?

மெதுவாகச் சொல்லுங்கள். கடிதத்தில் மெதுவாகச் சொல்ல முடியுமா தெரியவில்லை. ஆனாலும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ருக்குமணி

என்னை நீங்கள் என்று எழுதாதீர்கள். ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது. நீ என்றே எழுதுங்கள்.


ஜார்ஜ் டவுன்
4.9.1994

அன்புள்ள ருக்குமணி,

சரி, நீ என்றே எழுதுகிறேன்.

நீ கேட்டவற்றுக்கு டாக்டர் கமாலிடமும் கேட்டு, குறிப்பேட்டையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஏழு வாரம். ஒரு நிலக்கடலைப் பருப்பு அளவு. இதயம் துடிக்கத் தொடங்கும் காலம்தான். ஆனால் அந்தக் குழாய்க்குள் அது எப்படியும் வளர்ந்திருக்க முடியாது. நீ பாரம் தூக்கியதாலோ மாத்திரையாலோ இல்லை. நீ வேலைக்குப் போகாமல் படுத்தே கிடந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். நீ செய்த எதனாலும் இல்லை. இந்த வரியை வேண்டுமானால் திரும்பத் திரும்பப் படித்துக்கொள். உனக்கு ஒரு குழாய் நன்றாக இருக்கிறது. பிள்ளை பிறக்கும். அந்தச் சமயத்தில் மட்டும் சீக்கிரமே வந்து எங்கே தங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இறந்தவரின் பெயரை எழுதவில்லை. எனக்குத் தெரியும், தினமும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அது அவர் வீட்டாருக்குச் சொந்தம். இப்படி யோசிக்க உன் கடிதம்தான் பழக்கியது.

இன்னும் சிலதும் மாறியிருக்கிறது. இப்போது கருவியை வைப்பதற்கு முன்னால் "வெளியில யார் நிக்கிறது?" என்று கேட்கிறோம். கூட வந்தவர்களை நடைக்கு அனுப்புகிறோம். விஷயத்தை நோயாளியின் காதருகில் குனிந்து சொல்கிறேன். பழைய திரை கொசுவலை மாதிரி இருந்தது. நானும் காமாரியாவும் மார்க்கெட் ஸ்திரீட்டில் ஹனீபா அண்ணன் துணிக்கடைக்குப் போய்க் கனமான துணி வாங்கினோம். "பெட்ரூமுக்கா டாக்டர்? பூப்போட்டது காட்டவா?" என்றார். காமாரியா சிரித்த சிரிப்பில் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பச்சை நிறம் எடுத்தோம், பூ இல்லாமல்.

ஆனால் இந்தக் கருவி எங்களிடம் இருக்குமா என்பதே சந்தேகம். ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி சுலைமான் என்ற மீன் வியாபாரி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து வந்தார். நான்தான் பார்த்தேன். எங்கேயும் ரத்தம் தெரியவில்லை. "ஒண்டும் இல்லை, கவலைப்படாதீங்கோ" என்று அவர் மனைவியிடம் மலாயில் சொன்னேன். சாதாரண வார்டுக்கு அனுப்பினேன். இரண்டு மணி நேரம் கழித்து அங்கே மயங்கி விழுந்துவிட்டார். மண்ணீரல் கிழிந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. ஓடிப்போய் வயிற்றைத் திறந்து காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் நான் "ஒண்டும் இல்லை" என்று சொல்லியிருந்ததால் வார்டில் யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் விநாசித்தம்பி இதை எழுத்தில் புகாராகக் கொடுத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது நடந்தது. அக்டோபர் பன்னிரண்டாம் தேதி ஆஸ்பத்திரிக் குழு கூடுகிறது. கருவியை எடுத்துவிடலாமா, வைக்கலாமா என்று முடிவு செய்வார்கள். எனக்கே இப்போது தெரியவில்லை, ருக்குமணி. சுலைமானின் மனைவி என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வீட்டில் சொன்னால் அம்மா பயப்படுவார்.

அன்புடன்,
செல்வநாயகி


தாசேக் கெலுகோர்
26.9.1994

அன்புள்ள அக்கா,

டாக்டர் என்று எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அக்கா என்று எழுதலாம்தானே?

நீங்கள் எழுதிய அந்த வரியைப் படித்தேன். திரும்பத் திரும்பவும் படித்தேன். பெரியம்மா சமையல்கட்டிலிருந்து வந்து ஏன் அழுகிறாய் என்றார். அழவில்லை என்றேன். அவர் நம்பாமல் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் எண்ணெய் வைத்துவிட்டார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

சுலைமான் விஷயத்தைப் பற்றி எனக்கு ஒன்று தோன்றுகிறது. நான் படித்தது பள்ளிக்கூடத்தில் எஸ்.பி.எம் வரைக்கும்தான், மருத்துவம் தெரியாது. ஆனால் நாலு வருடமாக என் வேலை என்ன தெரியுமா? பார்ப்பது. மைக்ராஸ்கோப்பில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான ஐசி சிப் பார்ப்பேன். கம்பி விட்டுப்போயிருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் ஒரு தட்டைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாருக்கு" என்றேன். எங்கள் லீடர் ஒரு சீனப் பெண், பெரிய வாய்க்காரி. "நல்லாருக்குன்னு நீ எப்படிச் சொல்லுவே? உன் கண்ணுக்குத் தெரியலன்னு சொல்லு" என்று எல்லார் முன்னாலும் ஏசினாள். எங்கள் தாளில் நல்லது என்ற கட்டமே கிடையாது. குறை தெரிந்தது, குறை தெரியவில்லை, இரண்டுதான். பக்கத்தில் பார்த்த நேரம், பார்த்தவரின் நம்பர். அப்புறம் அந்தத் தட்டு சூட்டு அடுப்புக்குள் போகும். வெளியே வந்ததும் வேறொருத்தி மறுபடி பார்ப்பாள். முதலில் தெரியாத கீறல் சூடு பட்ட பிறகு தெரியும். அதற்காக முதலில் பார்த்தவளை யாரும் திட்டுவதில்லை. மைக்ராஸ்கோப்பைத் தூக்கி எறிவதும் இல்லை.

நீங்கள் ரத்தம் தெரிகிறது என்றால் அது இருக்கிறது. தெரியவில்லை என்றால், அந்த நேரத்துக்குத் தெரியவில்லை, அவ்வளவுதானே? அரை மணி கழித்து மறுபடி பார்த்தால் என்ன? சின்ன வாயால் பெரிய பேச்சு என்று நினைக்காதீர்கள்.

குழுவுக்கு நானும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். உங்களிடம் கேட்காமல்தான் எழுதினேன். கேட்டால் வேண்டாம் என்பீர்கள். எனக்கு நடந்ததை எழுதியிருக்கிறேன். பத்தொன்பது நிமிடத்தையும் எழுதியிருக்கிறேன், நீங்கள் கத்தியதையும் எழுதியிருக்கிறேன். ஒன்றை விட்டுவிட்டு ஒன்றை எழுதினால் அது என் கடிதமாக இருக்காது. கீழே என் முழுப்பெயரைப் போட்டிருக்கிறேன். மூன்று மாதமாக இந்த வீட்டுக்குள் ஒளிந்திருந்து எனக்கு அலுத்துவிட்டது.

இங்கே போஸ்ட் ஆபீஸ் தூரம். இரண்டு கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு விலாசம் எழுதி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பையை மாட்டும் படலில் மாட்டி வைக்கப்போகிறேன். பட்டர்வொர்த்தில் போட்டுவிடுவான் என்று நினைக்கிறேன். எடுப்பானா என்று தெரியாது.

அன்புடன்,
ருக்குமணி


ஜார்ஜ் டவுன்
16.10.1994

என் அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா என்று எழுதலாமா என்று கேட்டாயே. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாருமில்லை. நீ எழுதியதை அம்மாவிடம் காட்டினேன்.

உன் கடிதம் வந்து சேர்ந்தது. தபாலில் வரவில்லை. திங்கள்கிழமை மத்தியானம், ஆம்புலன்ஸ் வரும் வழியை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய லோரி நின்றது. காவலாளி கத்தினார். அதிலிருந்து இறங்கி வந்தவர் உன் அண்ணன். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, உனக்கும் அதே நெற்றி.

"இத போஸ்ட்ல போட மனசு வரல டாக்டர். தொலைஞ்சி போச்சுன்னா?" என்று உறையை நீட்டினார். ஒட்டினது ஒட்டினபடி இருந்தது.

போகாமல் நின்றார். நான் அவரை மருந்து வைக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

"அவ இப்ப நல்லாயிருக்காளா டாக்டர்? உள்ளுக்குள்ள?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் போறனீங்கள்தானே?"

"போறேன். பாக்கறேன். கேக்கத்தான் முடியல லா."

அவரிடம் நான் ஒன்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. அன்றைக்கு ஏன் போய்விட்டீர்கள் என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "எங்க போனேன்? நீங்கதான வயிறு முழுக்க ரத்தம்னு சொன்னீங்க. எனக்கு அது ஒண்ணுதான் முதல்ல காதுல விழுந்துச்சு. ரத்தம் எங்க குடுக்கணும்னு கேட்டுக்கிட்டு ஓடுனேன். குடுத்துட்டுத் திரும்பி வந்தா கட்டில் காலி. ஒரு நிமிஷம் என் உயிரே போயிடுச்சு. ஆபரேஷன்ல இருக்கான்னு அந்த மலாய்க்கார தாதி சொன்னப்புறம்தான் உக்காந்தேன்."

ருக்குமணி, அவர் போன பிறகு ரத்த வங்கிப் பதிவைப் போய்ப் பார்த்தேன். ஜூன் பதினான்கு, காலை பதினொன்றே முக்கால், அவர் பெயர் இருக்கிறது. அந்த ரத்தம் உனக்கே ஏற்றப்பட்டதா என்று சொல்ல முடியாது. வங்கியில் ஏற்கெனவே இருந்ததைத்தான் உனக்குக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அவர் உனக்காகத்தான் கொடுத்தார்.

"பிறகு ஏன் அவளோட பேசேல்லை?" என்று கேட்டேன். "அங்க உக்காந்திருந்தப்பதான் மத்ததெல்லாம் மண்டையில ஏறுச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே டாக்டர். அத்தனை நாளு தனியா வச்சிக்கிட்டு இருந்திருக்கா. நான் என்ன, கொன்னா போட்டுடுவேன்? அவ்வளவு பயமா என்னைப் பாத்து? அத நெனச்சா வாய் வர மாட்டேங்குது."

இதற்குப் பதில் எனக்குத் தெரியும். உன் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அது நீ சொல்ல வேண்டியது. ஒருமுறை உன் விஷயத்தை நீ சொல்வதற்கு முன்னால் அவருக்குச் சொன்னவள் நான். மறுபடி செய்யவில்லை. அவரிடம் மட்டும் கேட்டேன்: "நீங்கள் சொன்னதை அவளுக்கு எழுதலாமோ?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதுங்க. எனக்குச் சொல்ல வராது" என்றார். அதனால் எழுதுகிறேன்.

இனி குழு. உன் கடிதம் தமிழில் இருந்தது. மேசையைச் சுற்றி எங்களில் இரண்டு பேருக்குத்தான் தமிழ் வாசிக்கத் தெரியும். நான் வாசிப்பது முறையில்லை. அதனால் டாக்டர் விநாசித்தம்பியே வாசித்து, வரி வரியாக இங்கிலீஷில் சொன்னார். நீ செருப்பைப் பற்றி எழுதிய இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார். "நீர் உரத்துச் சொன்னீரோ?" என்று என்னைத் தமிழில் கேட்டார். ஓம், உரத்துத்தான் சொன்னேன் என்றேன். மேற்கொண்டு வாசித்தார். கடைசியில் உன் பெயர் வந்தபோது அதை வாசிக்காமல் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு நான் பேசினேன். உன் கிலாங் தாளைப் பற்றிச் சொன்னேன். நல்லது என்ற கட்டமே இல்லை என்று சொன்னதும் டாக்டர் கமால் மேசையைத் தட்டினார். கருவி இருக்கட்டும் என்று முடிவாகியிருக்கிறது. இனிமேல் "ஒன்றும் இல்லை" என்று யாரும் சொல்லக் கூடாது. பார்த்த நேரம், பார்த்தவர் பெயர், அரை மணியில் மறுபடி பார்ப்பது, எல்லாம் ஒரு தாளில். புதன்கிழமைகளில் எங்களுக்குப் படம் பார்க்கச் சொல்லித் தருவதாக டாக்டர் விநாசித்தம்பியே சொன்னார். "மூண்டு கிழமையில வராது எண்டுதான் சொன்னனான், வரவே வராது எண்டு சொல்லேல்லை" என்றார்.

சுலைமான் வீட்டுக்குப் போயிருந்தேன். மனைவி உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

அன்புடன்,
அக்கா


தாசேக் கெலுகோர்
25.10.1994

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை வர இவ்வளவு நாள் ஆகும் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

பத்து மணிக்கு லோரிச் சத்தம் கேட்டதும் நான் படலுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். அவன் பையோடு இறங்கினான், என்னைப் பார்த்துவிட்டுத் தயங்கினான்.

"அண்ணே, உள்ள வா" என்றேன்.

"லோரில சாமான் இருக்கு."

"இருக்கட்டும்."

வந்தான். பெரியம்மா காப்பி வைத்துவிட்டு, கோழிக்குத் தீனி போடுவதாகச் சொல்லிக்கொண்டு பின்பக்கம் போனார். காலையிலேயே போட்டுவிட்டிருந்தார். அண்ணன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "ரத்தம் குடுத்தப்ப ஊசி வலிச்சிச்சா?" என்று கேட்டேன்.

"தெரியல. நீ இருந்த பக்கமே பாத்துக்கிட்டிருந்தேன்."

பிறகு அவனே, குனிந்த தலை நிமிராமல் கேட்டான்: "அதுக்கு ஏதாச்சும் பேரு நெனச்சு வச்சிருந்தியா?"

அக்கா, நாலு மாதத்தில் என்னை யாரும் இதைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"இல்லண்ணே. எப்படி வைப்பேன்? எனக்கே தெரியாது. டாக்டர் சொன்னப்பதான் எனக்கும் தெரியும்."

நிமிர்ந்து பார்த்தான்.

"உனக்கும் அப்பதானா?"

"அப்பதான்."

"அம்மா மேல ஆணையா?"

"அம்மா மேல ஆணையா."

அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அம்மா இறந்தபோதுகூட அவன் என் முன்னால் அழுததில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நீ மறைச்சிட்டேன்னு நெனச்சேன். என்னை ஒரு மனுஷனா மதிக்கலேன்னு நெனச்சேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். நீ வெட்கப்பட்டுப் போய்விட்டாய் என்று நான் நினைத்தேன் என்றேன். "எதுக்கு வெக்கம்? நீ பொழைக்கணும், அவ்வளவுதான்" என்றான். ஜொகூருக்குப் போன அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டான். வேண்டாம் அண்ணே என்றேன். விட்டுவிட்டான்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் திரைக்குள் நீங்கள் மெதுவாகச் சொல்லியிருந்தால் அண்ணனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நானும் சொல்லியிருக்க மாட்டேன். வாழ்க்கை முழுக்க மறைத்திருப்பேன். அதற்காக நீங்கள் கத்தியது சரி என்று ஆகிவிடாது. அது தப்புத்தான், நான் எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் உங்கள் மேல் இருந்த கோபம் எப்போது போனது என்று தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த மாதம் முதல் தேதி கிலாங்குக்குத் திரும்பிப் போகிறேன். லீடருக்குப் போன் செய்தேன். "உன் இடத்துல இருக்குறவ கண்ணு சரியில்ல, சீக்கிரம் வா" என்றாள். அது அவள் அன்பு. பழைய ஹாஸ்டல் வேண்டாம், பாயான் பாருவில் இரண்டு பேருக்கு ஒரு அறை பார்த்திருக்கிறேன். வேலை முடிந்து ஒரு நாள் உங்களைப் பார்க்க வருவேன். நோயாளியாக இல்லை. எங்காவது உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிடலாம், காமாரியாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சுலைமான் வீட்டுக்கு மறுபடி போவதாக இருந்தால், நானும் கூட வருகிறேன்.

அன்றைக்கு அண்ணன் சோறு சாப்பிட்டான். இரண்டு தடவை ரசம் கேட்டான். சாப்பிட்ட கையோடு அப்படியே சிமெண்டுத் தரையில் சாய்ந்தவன் தூங்கிவிட்டான். வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுக்கொண்டு. பெரியம்மா தலையணை எடுத்துக்கொண்டு வந்தார். எழுப்ப வேண்டாம் என்று கை காட்டினேன். லோரியில் இருந்தது சிமெண்டு மூட்டை, மழை வரும் போலிருந்தது. நானும் பெரியம்மாவும் போய்ச் சத்தம் போடாமல் கித்தானை இழுத்துக் கட்டினோம்.

பொழுது சாயும் வரைக்கும் அவன் போகவில்லை.

உங்கள் அன்புத் தங்கை,
ருக்குமணி